சொல்வன்மையும் வினைத்தூய்மையும்

(போடிநாயக்கனூரில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற மாதம் நம் சங்கத்தின் செயற்குழு கூடியபோது ஒரு வினா எழுந்தது. நம் கல்வி நிதியிலிருந்து சட்டம் பயில விரும்பும் மாணவர்க்கும் உதவித்தொகை வழங்கலாமா என்பதே அவ்வினா. மருத்துவமும் பொறியியலும் பயின்றால் ஒரு குடும்பம் உயரும்; வக்கீல் படிப்பினால் ஊருக்கு என்ன நன்மை என்று அன்பர் சிலர் கேட்டனர். முடிவு எட்டாமலே கூட்டம் கலைந்தது. அதன்பின் தலைவர் அவர்கள் என்னை அழைத்து, சட்டம் பயின்று அரசாட்சியில் உயர்ந்த ஒருவருடைய வரலாற்றை இன்று எடுத்துரைக்குமாறு பணித்தார்கள். தமிழாசிரியனாகிய யான் சட்டம் அறியேன். ஆயினும் பெரியோர் ஏவலை மறுத்தல் முறையன்று ஆதலின் இசைந்தேன்.

யான் எடுத்துக்கொண்ட வரலாறு சர் சி. பி. இராமசாமி ஐயருடையது. இச்செய்தி அறிந்தவுடன், கம்பம் பக்கத்திலிருந்து நம் ஊருக்கு வந்து குடியேறிய முதியவர் ஒருவர் என் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்து, “வாத்தியார் ஐயா! பெரியாற்றுத் தண்ணீர் வழக்கிலே நமக்கு எதிராக நின்று வாதாடியவர் அல்லவோ அவர்? அவர் புகழை நம் சங்கத்தில் பாட வேண்டுமா?” என்று கேட்டார். அக்கேள்வி நியாயமானது. அதற்கு விடை கூறுவதாகவே என் பேச்சு முழுவதும் அமையும். யான் அவர் புகழைப் பாட வரவில்லை. அவரைக் குறைகூறவும் வரவில்லை. ஓர் அறிஞருடைய வாழ்வை நிறுத்துப் பார்ப்போம். ஏலக்காயைத் தரம் பிரிக்கத் தெரிந்த ஊரார்க்கு இது கடினமன்று.

வக்கீல் தொழில்

இராமசாமி ஐயர் 1879ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள் வந்தவாசியில் பிறந்தவர். தந்தையார் பட்டாபிராம ஐயர் நீதித்துறையில் பதவி வகித்தவர். மகனார் சென்னை மாநிலக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்று, 1903ஆம் ஆண்டில் சென்னை ஐக்கோர்ட்டில் வக்கீலாகப் பதிவு பெற்றார். சில ஆண்டுகளிலேயே முன்னணி வக்கீல்களுள் ஒருவரானார்.

அவருடைய வழக்குகளுள் ஒன்றை மட்டும் ஈண்டுக் குறிப்பேன். அடையாற்றுப் பிரம்மஞான சபையின் தலைவியாகிய அன்னி பெசன்ட் அம்மையார், நாராயணையா என்பவருடைய இரு புதல்வர்களைத் தம் பொறுப்பில் வளர்த்து வந்தார். அவ்விருவருள் மூத்தவரே பின்னாளில் ஜே. கிருஷ்ணமூர்த்தி எனப் புகழ்பெற்றவர். பிள்ளைகளைத் திரும்பப் பெற வேண்டித் தந்தை 1912ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார். தந்தைக்காக வாதாடியவர் இராமசாமி ஐயர். சென்னையில் தந்தையின் பக்கம் தீர்ப்பாயிற்று. அம்மையார் விடாது இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1914இல் வென்றார்.

வியப்பு இனித்தான் வருகிறது. 1916இல் அம்மையார் சுயாட்சிக்காக ஹோம் ரூல் இயக்கத்தைத் தொடங்கியபோது, அவருக்குத் துணையாக நின்று செயலாளர் பொறுப்பை ஏற்றவர் அதே இராமசாமி ஐயர்! நீதிமன்றத்தில் எதிர்த்து நின்றவர் பொதுவாழ்வில் உடன் நின்றார். இதனை நாம் நன்கு உளங்கொள்ள வேண்டும். வக்கீல் ஒருவர் எதிர்ப்பது எதிர்க்கட்சியின் வழக்கையே, எதிர்க்கட்சியாரை அன்று. தன் கட்சிக்காரனுக்காக அவர் பேசும் சொல்லில் பகைமை இல்லை. நம் ஊரிலோ, வாய்க்கால் வரப்பு வழக்கில் எதிர்த்தரப்புக்கு ஆஜரான வக்கீலின் வீட்டுத் திருமணத்திற்கு மூன்று தலைமுறையாகப் போகாதவர்கள் இருக்கின்றார்கள்.

சென்னை அரசாங்கத்தில்

1920ஆம் ஆண்டில் அவர் சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரல் ஆனார். 1923 முதல் 1928 வரை கவர்னரின் நிர்வாக சபையில் சட்ட உறுப்பினராக விளங்கினார். அந்நாட்களில்தான் இரு பெரும் முயற்சிகள் உருப்பெற்றன. ஒன்று மேட்டூர் அணை. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. மற்றொன்று நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம். 1932இல் மின்சாரம் தந்தது. இவ்விரண்டையும் ஊக்கியவருள் அவர் முதன்மையானவர். ஒரு நதியின் நீர் வயலையும் நனைக்கும், ஆலையையும் ஓட்டும் என்பதை அவர் அன்றே தெளிந்திருந்தார். பின்னர் அவ்வறிவு எப்பக்கம் பயன்பட்டது என்பதை இனிச் சொல்வேன்.

பெரியாற்று வழக்கு

1931ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் மன்னராகிய ஸ்ரீ சித்திரைத் திருநாள் முடியாட்சிப் பொறுப்பை ஏற்றார். இராமசாமி ஐயர் அவருக்குச் சட்ட ஆலோசகராக அமர்ந்தார். 1936ஆம் ஆண்டு அக்டோபரில் திவானும் ஆனார். நம் போடி மெட்டுக்கு அப்பால் விரிந்து கிடக்கும் ஏலமலை முழுவதும் அன்று திருவிதாங்கூர் நாட்டைச் சார்ந்தது. மலையடிவாரம் சென்னை மாகாணம். மலைமுகடு வேறு அரசு. நம் முன்னோர் குரங்கணி வழியாகவும் மெட்டு வழியாகவும் மூட்டை சுமந்து ஏறி, வேறோர் அரசின் நிலத்தில் ஏலம் விளைத்து, காயை இங்குக் கொணர்ந்து விற்றனர். ஆகவே அந்தத் திவானுடைய கையெழுத்து நம் குடும்பங்களின் அடுப்பங்கரை வரை எட்டியது எனலாம்.

பெரியாற்றுச் செய்திக்கு வருவோம். 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னை அரசுக்கும் ஒரு குத்தகைப் பத்திரம் எழுதப்பட்டது. காலம் 999 ஆண்டு. நீர் தேங்கும் நிலம் ஏறத்தாழ 8,000 ஏக்கர். ஏக்கருக்கு ஐந்து ரூபாயாக ஆண்டு வாடகை 40,000 ரூபாய். அப்பத்திரத்தின் பலத்தினாலே பென்னிகுவிக் துரை அணையைக் கட்டி, 1895இல் பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். கம்பம் பள்ளத்தாக்கு இருபோகம் கண்டது.

பல ஆண்டுகள் சென்றபின், அந்நீர் மலையிலிருந்து விழும் வேகத்தைக்கொண்டு மின்சாரம் எடுக்கச் சென்னை அரசு விரும்பிற்று. எழுதிய பத்திரம் பாசனத்திற்கே; மின்சாரத்திற்கு உரிமை இல்லை என்றது திருவிதாங்கூர். இரு தரப்பும் அமைத்த நடுவர் இருவரும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஆதலின் வழக்கு கல்கத்தாவைச் சேர்ந்த சர் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி என்னும் மேல்நடுவரிடம் சென்றது. திருவிதாங்கூருக்காக வாதாடியவர் திவான் இராமசாமி ஐயரே. 1941ஆம் ஆண்டு மே மாதத்தில் திருவிதாங்கூரின் பக்கம் தீர்ப்பாயிற்று.

பைக்காராவில் சென்னைக்காக மின்சாரம் எடுக்க முனைந்தவரே, பெரியாற்றில் சென்னை மின்சாரம் எடுத்தலாகாது என வாதாடி வென்றார்! வந்தவாசித் தமிழர் ஒருவர் தமிழ்நிலத்து நீருக்கு எதிராக நின்றார் என்று முதியவர் வருந்தியது இதனையே.

யான் அவருக்குச் சொன்ன விடை இதுதான். ஒருவருடைய சம்பளத்தை உண்டு, அவருக்காக வாதாட ஒப்புக்கொண்ட வக்கீல், தன் பிறந்த ஊரை நினைந்து வாதத்தைத் தளர்த்துவாராயின் அவரைக் காட்டிலும் இழிந்தவர் இல்லை. நம் தோட்டத்து வழக்கை நம்பி ஒப்படைத்த வக்கீல், எதிர்க்கட்சி தன் சொந்தக்காரன் என்று மென்மையாகப் பேசினால் நாம் பொறுப்போமா? அவ்விடத்தில் சர் சி. பி. செய்தது தொழில் அறமே. சென்னையின் பக்கமும் வல்ல வக்கீல்கள் இருந்தனர். கேட்க நடுவர் இருந்தார். எழுத்து இருந்தது, எழுத்தின்படி முடிவாயிற்று.

நாம் நொந்துகொள்ள வேண்டுவது வக்கீலையன்று. 1886இல் பத்திரம் எழுதியபோது வருங்காலத்தை எண்ணாதுவிட்ட குறையையே. மின்சாரம் என்னும் ஒரு சொல் பத்திரத்தில் இல்லாமையால் அவ்வுரிமை கைக்கு எட்டப் பல்லாண்டுகள் ஆயின. பின்னர் இரு அரசுகளும் பேசி, 1950களின் இறுதியில் லோயர் கேம்பில் மின்நிலையம் எழுந்தது. 1970ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் எழுதிய துணை ஒப்பந்தங்கள் அதனை உறுதிசெய்தன. அப்பொழுது வாடகையும் ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. அதே பழம்பத்திரத்தின் பலத்தைக்கொண்டே 2014ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் உச்சநீதிமன்றம் அணையில் 142 அடி வரை நீர் தேக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. எழுத்து நம்மை ஒருமுறை தடுத்தது, மற்றொருமுறை காத்தது.

அன்பர்களே! மலைமேல் தோட்டம் வைத்திருக்கும் நம் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். மலையாளத்தில் எழுதிய பத்திரத்தைப் படிக்கத் தெரியாமல், தரகர் காட்டிய இடத்தில் கையொப்பமிட்டவர் எத்தனை பேர்! ஏலமலை நிலம் வருவாய் நிலமா, வனநிலமா என்னும் வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. நம்மவர் பலர்க்கோ தம் பெட்டியில் இருப்பது பட்டாவா, குத்தகையா, வெறுங்காகிதமா என்பதே தெரியாது. ஈரக்காய் எது, உலர்காய் எது என்று கைவிரலால் அறியும் நாம், காகிதத்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிறோம். சட்டம் பயின்ற பிள்ளையால் ஊருக்கு என்ன நன்மை என்னும் கேள்விக்கு இதுவே முதல் விடை.

திவானாக

நிற்க. கதை இத்துடன் முடிந்திருந்தால் என் வேலை எளிதாயிருக்கும். வக்கீல் அரசின் ஆலோசகராகி, ஆலோசகர் ஆள்பவராக மாறியபோது நிகழ்ந்தவற்றையும் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று.

முதலில் நன்மைகளைச் சொல்வேன். திவான் பதவி ஏற்ற அடுத்த மாதமே, 1936 நவம்பர் 12ஆம் நாள், திருவிதாங்கூர் அரசுக் கோயில்களை எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்துவிடும் பிரகடனம் வெளியாயிற்று. அன்று திவானுடைய பிறந்தநாளும் ஆகும். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகட்கு முன் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே சத்தியாக்கிரகம் செய்து மக்கள் சிறைபுகுந்தனர். ஈரோட்டுப் பெரியாரும் அங்குச் சிறைப்பட்டார். அவ்வளவு பாடுபட்டும் பெறாததைப் பிரகடனத்தின் ஒரு கையெழுத்து தந்தது. பாடுபட்டவர் இல்லையேல் அக்கையெழுத்தும் விழுந்திராது. நம் மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தடுக்கப்பட்டோரை வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றது அதன்பின், 1939 ஜூலை 8ஆம் நாளில். அவரும் வக்கீலே என்பதை மறவாதீர்கள்.

1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. மூணாற்றின் அருகே பள்ளிவாசல் மின்நிலையம் 1940இல் இயங்கத் தொடங்கிற்று. 1944இல் அந்நாட்டில் தூக்குத்தண்டனை நீக்கப்பட்டது. இவையெல்லாம் ஒரு கூர்த்த மதி ஆட்சிப்பீடத்தில் இருந்ததன் பயன்.

மறுபக்கமும் உண்டு. மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி வேண்டுமென 1938இல் அந்நாட்டுக் காங்கிரசார் எழுந்தபோது, தடையும் சிறையும் தடியடியுமே விடையாயின. ஹோம் ரூல் இயக்கத்திற்காகத் தமிழ்நாடெங்கும் பேசிய அதே நாவினர், தம் ஆட்சியின் கீழ் அதே உரிமையைக் கேட்டவரை அடக்கினார். 1946இல் புதிய அரசியல் திட்டம் ஒன்றை வகுத்தார். வயதுவந்தோர் யாவரும் வாக்களிக்கலாம். ஆனால் சட்டசபை திவானை நீக்க இயலாது! ஏட்டிலே அழகிய திட்டம். மக்கள் அதனை ஏற்கவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் ஆலப்புழைப் பக்கத்துப் புன்னப்புராவிலும் வயலாரிலும் கயிற்றுத் தொழிலாளரும் உழவரும் கிளர்ந்தெழுந்தனர். ஈட்டி ஏந்தி வந்தோர்மீது துப்பாக்கி முழங்கிற்று. காவலர் சிலரும் மக்கள் நூற்றுக்கணக்கானோரும் மாண்டனர்.

1947 ஜூன் மாதத்தில், ஆங்கிலேயர் நீங்கியதும் திருவிதாங்கூர் தனிநாடாகும் என்று திவான் அறிவித்தார். ஆங்கிலப் பேரரசு அகன்றால் சுதேச அரசுகளின் இறைமை அவ்வவர்க்கே மீளும் என்பது அவர் வாதம். சட்டத்தின் எழுத்தில் அவ்வாதத்திற்கு இடம் இருந்தது. மக்கள் மனத்தில் இடம் இல்லை. ஜூலை 25ஆம் நாள் திருவனந்தபுரத்தில் இசைவிழா ஒன்றிலிருந்து வெளிவருகையில் இளைஞன் ஒருவன் அவரை வெட்டினான். அவர் உயிர் பிழைத்தார். சில நாட்களில் மன்னர் இந்தியாவுடன் சேர இசைந்தார். ஆகஸ்டு 19ஆம் நாள் திவான் பதவியைத் துறந்தார்.

எங்கே பிழைத்தது?

இத்துணை அறிவுடையார் எங்கே பிழைத்தார் என்று யான் பலகால் எண்ணியதுண்டு. என் சிற்றறிவிற்குப் பட்டதைக் கூறுவேன்.

நீதிமன்றத்தில் வக்கீலின் சொல்லுக்கு மூன்று காவல் உண்டு. எதிர்வக்கீல் மறுப்பார்; நீதிபதி நிறுப்பார்; தீர்ப்பில் பிழையிருந்தால் மேல்கோர்ட்டு திருத்தும். ஆதலின் வக்கீல் தன் கட்சியை முழு வேகத்துடன் பேசலாம். பெசன்ட் அம்மையார் வழக்கில் அவர் வாதத்தைப் பிரிவி கவுன்சில் திருப்பிற்று. அதனால் உலகம் கெடவில்லை. ஆட்சிப்பீடத்தில் அமர்ந்த திவானுக்கு எதிர்வக்கீல் சிறையில் இருந்தார், நீதிபதியும் அவரே, மேல்கோர்ட்டாகிய மன்னரோ அவரையே நம்பியிருந்தார். கட்சிக்காரருக்காகப் பேசிப் பழகிய மதி, மன்னரே தன் கட்சிக்காரர் என்று கொண்டது. மக்களும் தன் கட்சிக்காரரே என்பதை அம்மதி மறந்தது.

திருவள்ளுவனார் அமைச்சியலை வகுத்த முறையை நினைந்து பாருங்கள். அமைச்சு என்னும் அதிகாரத்தை முதலில் வைத்தார். அதனை அடுத்துச் சொல்வன்மையை வைத்தார். அத்துடன் நிறுத்தினாரா? இல்லை. உடனே வினைத்தூய்மை என்னும் அதிகாரத்தை வைத்தார். அதன்பின்னரே வினைத்திட்பத்தைக் கூறினார். சொல்லால் வெல்லும் ஆற்றல் வந்தவுடன், செயல் தூயதாதல் வேண்டும் என்னும் எச்சரிக்கை வேண்டும் என்பதே அவ்வைப்பு முறையின் கருத்து என யான் கொள்வேன். செய்து முடிக்கும் உறுதி அதற்கும் பிற்பட்டதே. திவானிடம் சொல்வன்மையும் திட்பமும் நிரம்ப இருந்தன. இடையில் உள்ளதைச் சில இடங்களில் தாண்டிச் சென்றுவிட்டார்.

ஆயினும் அவருடைய பிற்காலத்தைச் சொல்லாமல் முடித்தால் அவருக்கு நீதி செய்தவன் ஆகேன். பதவி நீங்கியபின் அவர் பகைமை பாராட்டி ஒதுங்கவில்லை. காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தராக இருந்து கல்விப்பணி செய்தார். 1962ஆம் ஆண்டில் தேசிய ஒருமைப்பாட்டைப் பற்றி ஆராய அமைந்த குழுவிற்குத் தலைவரானார். தேர்தலில் நிற்போர் நாட்டின் இறைமையையும் ஒருமையையும் காப்பதாக உறுதிமொழி கூறவேண்டும் என்னும் 1963ஆம் ஆண்டின் பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தம் அக்குழுவின் பரிந்துரையால் வந்தது. தனிநாடு கேட்டவரே ஒருமைப்பாட்டிற்கு உறுதிமொழி வகுத்தார்! இதனைச் சிலர் முரண்பாடு என்பர். தாம் நடந்த வழி தவறெனக் கண்டவர் பிறருக்கு வேலியிட்டார் என்று கொள்ளுதல் பொருந்தும் எனத் தோன்றுகிறது. 1966 செப்டம்பர் 26ஆம் நாள், எண்பத்தாறாம் வயதில், இலண்டனில் காலமானார்.

நம் கடமை

இனி, நம் சங்கத்தின் வினாவுக்கு வருகிறேன். சட்டம் பயிலும் பிள்ளைகட்கு உதவலாமா? உதவ வேண்டும் என்பதே என் விண்ணப்பம். நம் ஊரில் ஏலக்காய் ஏலமிடும் கூடங்கள் உள்ளன. தரம் பிரிக்கும் கிடங்குகளில் நம் தாய்மார்கள் நாள்முழுதும் குனிந்திருக்கின்றார்கள். தோட்டமோ அடுத்த மாநிலத்தில் இருக்கிறது. இரண்டு அரசுகளின் சட்டத்திற்கிடையே வாழும் மக்கள் நாம். நமக்கு வேண்டியவர் மருத்துவர் மட்டுமல்லர். தமிழ்ப் பத்திரத்தையும் மலையாளப் பத்திரத்தையும் படித்து, “இங்கே கையெழுத்திடாதீர்கள்” என்று சொல்லக்கூடிய ஒரு பிள்ளை வேண்டும். அப்பிள்ளை ஆணாயினும் பெண்ணாயினும் ஒன்றே. சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி, கிடங்கில் காய் பொறுக்கும் தாயின் மகள், சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தும் பணம் இன்றி வீட்டில் இருக்கிறாள். அவள் பெயரை இவ்வவையில் கூறேன், செயற்குழுவிடம் கூறியுள்ளேன்.

உதவி பெறும் பிள்ளைகளிடம் நாம் இரண்டு வாக்குறுதிகளைக் கேட்போம். முதலாவது, தன் பக்கம் வந்த ஏழையின் வழக்கை, எதிரில் நிற்பவன் தன் சாதியான் ஆயினும் தளராமல் பேசவேண்டும். இதனைச் சாதிச் சங்கத்தின் மேடையிலிருந்தே சொல்கிறேன். இங்கே சொல்லாவிடில் வேறெங்கும் சொல்லிப் பயனில்லை. இரண்டாவது, அப்பிள்ளை நாளை கலெக்டருக்கோ, மந்திரிக்கோ, முதலமைச்சருக்கோ ஆலோசனை சொல்லும் பதவியில் அமர்ந்தால், எதிர்வக்கீல் இல்லாத அந்த அறையில், தானே எதிர்வக்கீலாகவும் நின்று ஒருமுறை பேசிப்பார்த்த பின்னரே கையெழுத்திட வேண்டும்.

திண்ணையில் வந்து கேட்ட முதியவர் இன்று இவ்வவையில் அமர்ந்திருக்கிறார். ஐயா! நமக்கு எதிராக அன்று நின்ற வக்கீலைப் பழிப்பதைவிட, நமக்காக நாளை நிற்கும் வக்கீலை வளர்ப்பது மேல் அல்லவா? கல்வி நிதிக்குத் தங்கள் கையாலேயே முதல் தொகையைத் தந்து தொடங்கிவைக்க வேண்டுமெனத் தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.